பார்வையாளர் நேரம்

"நேரமாச்சும்மா. நீ கிளம்பலையா?" என்றாள் சக்கர நாற்காலியில் இருந்த மகள்.

அம்மா அவளுடைய கால் பட்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "இனிமே நான் எங்கயும் போக மாட்டேன்டி, தங்கம்."

"ரூம் மாத்திட்டா மட்டும் ஆயாம்மா விட்டுடுவாங்களா? திட்டுவாங்க. அப்புறம் உன்னை உள்ளயே சேர்க்க மாட்டாங்க."

"யாரும் திட்ட மாட்டாங்க."

"போன வாரமும் இப்படித்தான் அடம் பிடிச்சே." மகள் பெரிய மனுஷி போல அம்மாவின் கண்ணைத் துடைத்தாள். "அழக் கூடாது. நான் அழறேனா பாரு? ஞாயித்துக்கிழமை வா. டாட்டா."

சொன்னவளுக்கு உதடு துடித்தது. ஆனாலும் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

வேறு வழி தெரியாமல் அம்மா எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

வாசற்படியை ஒட்டி அப்பா புதிதாகப் பூசியிருந்த சிமெண்டுச் சாய்தளம். காப்பகத்திலிருந்து மகளை ஒரேயடியாக அழைத்துக்கொண்டு, இன்று காலைதான் அதன் வழியே நாற்காலியை வீட்டுக்குள் தள்ளி வந்திருந்தாள்.

தெருவில் நின்று ஒரு பாட்டம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, திறந்து கிடந்த தன் வீட்டுக் கதவையே தட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

மகளுக்கு நம்பவே முடியவில்லை.

"அம்மா! அதுக்குள்ள ஞாயித்துக்கிழமை வந்துடுச்சா?"