வேண்டாமென்ற இரண்டு தேதிகள்

“பதினோரு மணிக்குக் கரண்ட் போயிரும் சுகுணா. இந்தத் தேதிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்கள்ல, இப்பப் பாருங்க.”

வக்கீல் இளமதி மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பது. அறந்தாங்கி நீதிமன்ற வராந்தாவில் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மனதில் இருப்பதையெல்லாம் முகத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளும் சுபாவம் அவளுக்கு. எதிர்த்தரப்பு வக்கீல்களுக்கு அது ரொம்ப வசதி.

“மூணாந்தேதி குடுத்தாங்க, வேணாம்னீங்க. பத்தாந்தேதி குடுத்தாங்க, அதுவும் வேணாம்னீங்க. ரெண்டு தடவையும் ஜட்ஜ்கிட்ட எதையாச்சும் சொல்லிச் சமாளிச்சது நானு.”

“கடையில லீவு குடுக்கல மேடம்.”

“இன்னைக்குப் பராமரிப்புக்காக டவுன் முழுக்கக் கரண்ட்ட நிறுத்துறாங்க. பாதியில வீடியோ கட்டாச்சுன்னா கேஸு இன்னும் ரெண்டு மாசம் தள்ளிப் போகும். அதுவரைக்கும் என்ன பண்ணுவீங்க?”

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று பழகிய சுகுணா, இங்கேயும் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்ணும் கடிகாரத்தில்தான் இருந்தது.

கணவன் செம்மலிடம் அடி வாங்கியது போதும் என்று மகளைக் கூட்டிக்கொண்டு தனியே வந்து ஒரு வருஷம் ஆகிறது. இரண்டு மாதமாகப் பேர் தெரியாத நம்பரிலிருந்து படங்கள் வருகின்றன. வீட்டு வாசல். வாசலில் காயும் துணி. போன வாரம் பள்ளிக்கூடத்து கேட்டில் மகள் வைஷ்ணவி. கீழே ஒரு வரி: ‘பச்சை ரிப்பன் நல்லாருக்கு.’

அது இணையத்தில் வாங்கிய வெளிநாட்டு நம்பர், யாருடையது என்று கண்டுபிடிக்க நாளாகும் என்று போலீஸில் சொல்லிவிட்டார்கள். செம்மல் தங்கள் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவு கேட்டு சுகுணா மனுப் போட்டாள். அவனோ, தான் துபாயில் இருப்பதாகச் சொல்கிறான். நீதிபதி இன்று அதை நம்பிவிட்டால் மனு தள்ளுபடி. நாளைக் காலையில் வைஷ்ணவி அதே தெருவில் பள்ளிக்கூடம் போயாக வேண்டும்.

பத்து ஐம்பதுக்குக் கூப்பிட்டார்கள்.

முன்பெல்லாம் சம்மனை வாங்காமல் ஒளிகிறவனைத் தேடி கோர்ட் அமீனா ஊர் ஊராக அலைவார். இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்பி, இரண்டு நீல டிக் விழுந்தால் வாங்கியதாக எழுதிக்கொள்கிறார்கள். சாட்சி சொல்ல விமானம் ஏறி வர வேண்டியதில்லை, திரையில் முகம் காட்டினால் போதும். சட்டம் தன்னால் முடிந்த மட்டும் ஓடிப் பார்க்கிறது, பொய் சொல்கிறவன் அதற்கு முன்னால் பைக்கில் போகிறான்.

திரையில் செம்மல் தெரிந்தான். செல்போனைத் தாழ்வாகப் பிடித்திருந்ததால் பாதித் திரையில் முகமும் மீதியில் வெள்ளைச் சுவரும் டியூப் லைட்டும் சுற்றுகிற மின்விசிறியும் தெரிந்தன.

“ஐயா, என் கட்சிக்காரர் ஆறு மாசமா துபாயில வேலை பாக்குறார்” என்றார் அவனுடைய வக்கீல் பீட்டர். “பாஸ்போர்ட்ட கம்பெனியில வாங்கி வச்சிருக்காங்க. நகல் தாக்கல் பண்ணியிருக்கோம்.”

“சொல்லுங்க செம்மல்” என்றார் நீதிபதி.

“வணக்கம்ங்கய்யா. இங்க இப்ப மணி ஒம்போதரை ஆகப்போகுது. டூட்டிக்குப் பெர்மிஷன் போட்டுட்டு ஒக்காந்திருக்கேன். கடல் தாண்டி இருக்கிறவன் அறந்தாங்கியில பள்ளிக்கூடத்து வாசல்ல எப்புடிங்கய்யா நிக்க முடியும்? அது எவன் நம்பரோ. எம் புள்ளையப் பாத்தே வருஷமாச்சு.”

கடைசி வார்த்தையில் அவன் குரல் தழுதழுத்தது. நீதிபதி ஏதோ குறித்துக்கொண்டார். மணி பத்து ஐம்பத்தேழு. கரண்ட் போவதற்குள் குறுக்கிட்டாக வேண்டும் என்று இளமதி எழப் போனாள். பின்னால் இருந்து சுகுணா அவள் கவுனைப் பிடித்து இழுத்தாள்.

“அவரு பேசட்டும் மேடம்.”

“என்ன பேசட்டும்? ஜட்ஜ் நம்பிக்கிட்டு இருக்காரு.”

“கொஞ்ச நேரந்தான். பேசட்டும்.”

இவளுக்குப் புத்தி கித்தி பிசகிவிட்டதா என்று இளமதிக்கு எரிச்சலாக வந்தது. செம்மல் பேசிக்கொண்டே போனான். தான் படும் வெயில், தின்னும் காய்ந்த ரொட்டி, வெளியே போகவே விடாத முதலாளி. “நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கய்யா” என்று கும்பிட்டான்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “சரி, துபாயில இருக்கிற ஆள் மேல இங்க எப்படி உத்தரவு போட...”

தலைக்கு மேல் மின்விசிறி ஒரு முறை முனகி, வேகம் குறைந்து நின்றது. விளக்குகள் அணைந்தன. இளமதி தலையில் கைவைத்துக்கொண்டாள். பேட்டரி புண்ணியத்தில் கம்ப்யூட்டர் திரை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தத் திரையிலும் டியூப் லைட் அணைந்திருந்தது. செம்மலின் தலைக்கு மேலே மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி, நின்றது.

நீதிபதி நிமிர்ந்து தன் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு அவனுடையதைப் பார்த்தார்.

“என்ன செம்மல், துபாய்க்கும் நம்ம அறந்தாங்கி சப்-ஸ்டேஷன்ல இருந்துதான் கரண்ட் வருதா?”

பீட்டர் அவசரமாக ஃபைலுக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். இளமதி பின்னால் திரும்பினாள்.

“என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா உங்க மொகத்துல தெரிஞ்சிரும் மேடம்” என்றாள் சுகுணா. அன்று முதல் முறையாகப் பெஞ்சில் உட்கார்ந்தாள். “மூணாந்தேதியும் பத்தாந்தேதியும் கரண்ட் இருந்துச்சு. அதான் வேணாம்னேன்.”