வாள்காரிக்குச் சந்தனம்

சரஸ்வதி பூஜைக்கு அடுக்கிய புத்தகங்களின் உச்சியில் கார்த்திகேசனின் வீடியோ கேம் பெட்டி, விளக்கொளியில் ஆற்று மீனாக மினுங்குகிறது. சில நூறு பேருக்காக மட்டும் வெள்ளி மையில் அச்சிட்ட சிறப்பு அட்டை போட்ட பெட்டி அது. விரல் ரேகைகூடப் படாமல் காத்து வந்திருக்கிறான். இப்போது அட்டையிலிருக்கும் வாள்காரியின் நெற்றியில் ஈரச் சந்தனம் பூத்திருக்கிறது, மனைவியின் கைவேலை. "ஏட்டி பிருந்தா, இதுக்குமா பொட்டு வச்ச?" என்கிறான். "தெனமும் நீங்க தொடாமக் கும்பிடுத சாமில்லா அது! நாளைக்குப் பூசை முடியுத வரைக்கும் எடுக்கக் கூடாது, பாத்துக்கிடுங்க." துடைக்க நீண்ட துண்டு அந்தரத்தில் நிற்கிறது. வண்ணார்பேட்டைப் பேருந்துகளின் இரைச்சல் எங்கோ அடங்குகிறது. சந்தனம் மெல்ல அட்டையில் ஊறுகிறது. இனி அந்த மஞ்சள் போகாது. சாம்பிராணிப் புகைக்குள் வாள்காரி கண் இமைப்பதுபோல் இருக்கிறது. கார்த்திகேசன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொள்கிறான்.