பிறந்த கையோடு

"உள்ளே காலை வச்சே, நடக்கிறதே வேற!"

பிரசவ வார்டு வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றாள் தையல்காரம்மா. உள்ளே அவள் மகள் பெற்றுப் பிழைத்துக் கிடக்கிறாள். பேத்தி இன்னும் சரியாகக் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அதற்குள் மோப்பம் பிடித்த மாதிரி வந்து நிற்கிறாள் மருமகள்.

"அத்தை, ஒரே ஒரு நிமிஷம். நர்ஸைப் பார்த்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்."

"நர்ஸ்கிட்ட உனக்கென்னடி பேச்சு? உடம்பு பூரா நோயை வச்சுக்கிட்டு, பச்சைக் குழந்தை இருக்கிற இடத்துக்கு வர்றியே, மனசாட்சி இருக்கா?"

"குழந்தையைத் தொட மாட்டேன் அத்தை. கிட்டக்கூடப் போக மாட்டேன்."

"நான் போக விட்டாத்தானே!"

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தையல்காரம்மா அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டாள்.

"இவளுக்கு ஒட்டிக்கிற வியாதி. உள்ளே விடாதீங்க" என்றாள், காது கேட்காதவருக்கும் கேட்கிற குரலில்.

மருமகள் முகம் சுண்டிப் போயிற்று. வாட்ச்மேன் கேட்டைக் காட்டினார். வார்டு ஜன்னலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

"பொறாமை! வேறென்ன?" என்று பெஞ்சுக்காரர்களிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள் தையல்காரம்மா.

மருமகள் உண்டாகியிருந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் அந்தச் சங்கதி தெரிந்தது. ஹெபடைடிஸ் பி. ஈரலை அரிக்கிற மஞ்சள்காமாலைக் கிருமி.

"கூட உட்கார்ந்து சாப்பிட்டா ஒட்டாது. தொட்டா ஒட்டாது. குழந்தை பிறந்ததும் ஊசி போட்டுடலாம். வீட்டுக்காரரையும் டெஸ்டுக்குக் கூட்டிட்டு வாங்க" என்று பரிசோதனை பார்த்த டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

தையல்காரம்மா காதில் ஏறியது வியாதி என்பது மட்டும்தான்.

"என் புள்ளைக்கு எதுக்கு டெஸ்ட்? இவ எங்க போய் வாங்கிட்டு வந்தாளோ!"

மருமகளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், பின்னறையில் தனிப் படுக்கை. துணி தைக்க வருகிறவர்களிடமெல்லாம் அளவெடுத்துக்கொண்டே அதே பேச்சு. மகன் வாயைத் திறக்கவில்லை. தாய்வீட்டுக்குப் போன மருமகள் திரும்பவில்லை. அங்கே பிறந்த பேரனைத் தையல்காரம்மா எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மகளின் குழந்தைக்கு ஒரு வயது நெருங்கும்போது மகளுக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. கண் மஞ்சளாயிற்று. வயிறு நீர் கோத்து உப்பியது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழந்தைக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

டாக்டரம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஹெபடைடிஸ் பி. ஈரல் ரொம்பவே கெட்டுப் போயிருக்கு. முடிஞ்சதைச் செய்யறோம்." சற்று நிறுத்தினார். "குழந்தைக்கும் இருக்கு."

தையல்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி! என் மருமகதான் டாக்டர் ஒட்ட வச்சுட்டா!"

"யாரும் ஒட்ட வைக்கலைம்மா. உங்க மகளுக்கு இது ரொம்ப வருஷமா இருக்கு. அனேகமா அவங்க பிறந்தப்பவே, பெத்தவங்ககிட்ட இருந்து வந்திருக்கும். நீங்களும் உங்க மகனும் டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டுப் போங்க."

தையல்காரம்மா தன் மடியில் கிடந்த பேத்தியைக் குனிந்து பார்த்தாள்.

"இதுல அதிசயப்பட ஒண்ணுமில்லை. மாசமா வர்றவங்களுக்கு டெஸ்ட் எடுக்க எடுக்க யாராவது ஒருத்தருக்கு இருந்துக்கிட்டேதான் இருக்கு. குழந்தை பிறந்த கையோட ஊசி போட்டா அனேகமாத் தப்பிச்சுடும். இந்தக் குழந்தைக்கு..." டாக்டரம்மா மகளைப் பார்த்தார். "ஏம்மா, மாசமா இருந்தப்போ உனக்கு டெஸ்ட் எடுக்கலையா?"

"எடுத்தாங்க. இருக்குன்னு சொன்னாங்க."

"பிரசவம் பார்த்த இடத்துல சொன்னியா?"

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"ஏண்டி குட்டிம்மா... பெத்தவகிட்ட சொல்றதுக்கு என்னடி?"

"அண்ணியை நீ வச்சிருந்த லட்சணத்தைப் பார்த்தேனேம்மா. நீயே அப்படின்னா, என் மாமியார் என்னை என்ன பண்ணுவாங்க? அதான் ஆஸ்பத்திரியை மாத்திக்கிட்டேன். எந்த வியாதியும் இல்லைன்னு சொல்லிச் சேர்ந்தேன்."

"யாருக்குமே தெரியாதா?"

"அண்ணிக்குத் தெரியும். அவங்ககிட்ட மட்டும்தான் அழுதேன். வீட்டுல சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

தையல்காரம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அவ புள்ளை... எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான். பிறந்த உடனே ஊசி போட்டாங்களாம். இப்ப டெஸ்ட் எடுத்ததுல ஒண்ணும் இல்லை."

மடியில் கிடந்த பேத்தி எதற்கோ சிரித்தாள்.

"ஆஸ்பத்திரியிலயாவது சொல்லிடுன்னு அண்ணி தினமும் கெஞ்சினாங்கம்மா. பிரசவத்தன்னைக்கு சாயங்காலமும் போன் பண்ணினாங்க. 'சொல்லிட்டேன், ஊசி போட்டாச்சு'ன்னு அவங்ககிட்ட பொய் சொன்னேன்."

மகளுக்கு மூச்சு வாங்கியது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"அன்னைக்கு நீ வாசலோட விரட்டினியே... நான் சொல்லாம விட்டுடுவேன்னு பயந்து, நர்ஸ்கிட்ட ஊசி போடச் சொல்லத்தாம்மா அண்ணி வந்தாங்க."