மூன்று நாடுகள் காக்கும் வீடு

நாட்டைப் பிரித்து அமைதியை நிலைநாட்டிய மூன்று வல்லரசுகளும் அடுத்து வீடுகளின் அமைதிக்கும் உத்தரவாதம் தரத் தொடங்கின. ஏசியை எத்தனையில் வைப்பது என்று சண்டை போட்ட தணிகைவேலுக்கும் அவன் மனைவி மேகலாவுக்கும் நடுவே, கூடத்தில் கோடு போட்டார்கள். சமையலறை அவளுக்கு, படுக்கையறை அவனுக்கு; கோட்டைத் தாண்டக் கூடாது என்று ஒப்பந்தம். கோட்டின் மேல் ஒரு வெளிநாட்டு அதிகாரி நாற்காலி போட்டு அமர்ந்தார்.

ஒரே வாரத்தில் இருவரும் ராசியாகிவிட்டார்கள்.

"கோட்டை அழிச்சிடுங்க சார்," என்றாள் மேகலா.

"மூன்று நாடுகளும் சம்மதிக்க வேண்டும், அம்மா. அதில் இரண்டு நாடுகள் தற்போது பேசிக்கொள்வதில்லை."

"எப்பதான் பேசுவாங்க?"

"அவர்களுக்கு உத்தரவாதம் தர யாரும் முன்வரவில்லை."

ஒப்பந்தத்தை மீறிச் சண்டை போட்டால் மட்டும் இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசச் சொல்வார்கள். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் தணிகைவேல் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு செருப்பை எறிகிறான்.

நேற்றும் மேசையில் மேகலா கத்தினாள். மேசைக்கு அடியில் அவள் பாதம் அவன் பாதத்தின் மேல் இருந்தது.

"உங்கம்மா வளர்த்த லட்சணம் அப்படி!"

"எங்கம்மாவை ஏன்டி இழுக்கிற?" என்று அவன் முணுமுணுத்தான்.

"வேற எதைச் சொன்னாலும் உங்களுக்குச் சிரிப்பு வந்துடுது. சிரிச்சீங்கன்னா, சமாதானம்னு எழுதிக்கிட்டு உங்களை அந்தப் பக்கம் அனுப்பிடுவாங்க."