வேலியோரப் பெட்டி

“அண்ணை, உந்தக் காத்து வேலிப் பக்கம் போகாமல் திருப்பேலாதோ?” ஏசி பூட்ட வந்த கஜானனிடம் தாரிகா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“ஏலாது தங்கச்சி. அறை குளிர்ந்தால் சூடு வெளியிலை வரத்தானே வேணும்” என்றபடி அவர் வேலியோரம் பூட்டிய ஏசியின் வெளிப்பெட்டியை முடுக்கினார். அனல் தென்னோலைக் கிடுகுவேலியில் மோதியது.

வேலிக்கு அந்தப் பக்கம் இராசமலர். வேலியைத் தன் பக்கம் ஒரு சாண் தள்ளி அடைத்ததற்காகத் தாரிகாவின் மாமனாரைச் சாகும்வரை நீதிமன்றத்துக்கு இழுத்தவள். அவள் வளவுக்குள் இந்த அனல் அடித்தால் விடுவாளா?

வேலி அசைந்தது. கிடுகைக் கிழித்துக்கொண்டு ஒரு கத்தி வெளியே வந்தது. கத்திக்குப் பின்னால் இராசமலரின் முகம்.

“ஆர் உதைப் பூட்டினது?”

“நாங்கள்தான் அக்கா... இப்பவே கழட்டச் சொல்லுறன்.”

“கழட்டுறதோ? உனக்கென்ன விசரே?”

இராசமலர் ஓட்டையை இன்னும் அகலமாக வெட்டி, ஒரு சுளகு நிறைய மோர்மிளகாயை அனலுக்கு நேரே வைத்தாள்.

“ஒரு கிழமையா வெயிலில்லை, எல்லாம் பூஞ்சணம் பிடிக்குது. பகல் முழுக்க ஓடவிடு பிள்ளை.”

சுளகு வேலியைத் தாண்டி ஒரு சாண் இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.