சொல்லாத பெயர்

அந்த மொட்டைத்தலை ஆள் இன்றும் எதிரே இளநீர் வண்டிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தான். இளநீர் குடிக்கவில்லை, போனைப் பார்க்கவில்லை. அலுவலக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தாரணி ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். அவனுடைய பைக் நம்பர் கே.ஏ. பத்து என்று தொடங்கியது. சாமராஜநகர் மாவட்டத்து வண்டி.

அந்தப் பக்கத்துக் காவிரிக்கரையில் நடக்கும் மணல் திருட்டைப் பற்றி அவள் எழுதிய அறிக்கை போன மாதம்தான் வெளியாகியிருந்தது. கொள்கை ஆய்வாளர் என்றால் ஏசி அறையில் உட்கார்ந்து அரசாங்கத்துக்குப் புத்தி சொல்லும் உத்தியோகம் என்று அவள் அப்பாவே நினைத்துக்கொண்டிருக்கிறார். ஊர் ஊராகப் போய், பயந்து கிடப்பவர்களைப் பேச வைப்பதுதான் அதில் பாதி வேலை.

மைசூர் சரஸ்வதிபுரத்தில் இருந்த அந்த ஆய்வு மையத்தில் வெளிநாட்டில் படித்தவர்கள் பலர் இருந்தார்கள். ஆனாலும் இந்த வேலைக்குத் தாரணியைத்தான் அனுப்பினார்கள். மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்த அவள் அப்பாவுக்குச் சொந்த ஊர் அதே பக்கத்துக் கோபிநத்தம். அந்த மண்ணின் பேச்சு அவள் நாக்கில் இருந்தது.

ஊரே வாயைப் பொத்திக்கொண்டிருந்தபோது ஒரே ஒருத்தி மட்டும் பேசினாள். யார் அள்ளுகிறார்கள், யார் கண்டும் காணாமல் இருக்கிறார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். "எம் பேரு வெளிய வந்துச்சுன்னா உசுரோட உடமாட்டாங்க அம்மிணி" என்றாள். தாரணி அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்து கொடுத்தாள்.

சத்தியத்தைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினாள். அறிக்கையில் பெயர் இல்லை, ஊர் இல்லை, வயதைக்கூட மாற்றியிருந்தாள். பேசினால் தடம் தெரிந்துவிடும் என்று, பிறகு அந்தப் பெண்ணுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை.

"புள்ளிவிவரத்தை யாரும் படிக்கமாட்டா. ஆளைப் பத்தி எழுது, அதுதான் மனசுல நிக்கும்" என்றார் மையத்தின் இயக்குநர் சம்யுக்தா. பிள்ளையும் இல்லாமல் புருஷனும் போய், டிராக்டர் ஓட்டிப் பிழைக்கும் ஒருத்தி சொன்னதாகத் தாரணி ஒரு பக்கம் எழுதினாள். கன்னடப் பேப்பர்கள் அதை அப்படியே எடுத்துப் போட்டன. அறிக்கை வெளியீட்டுக் கூட்டத்தில் வாசித்தபோது பெரிய அதிகாரிகளே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் போன் வந்தது. "சொன்னது யாரு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். இப்போது இவன்.

மாதேஸ்வரன் மலைக் கோயிலில் மொட்டை போட்டுவிட்டு ஊர் திரும்புகிறவனாக இருக்கும், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். அப்போதுதான் கதவு திறந்தது. சனிக்கிழமை மத்தியானம். அலுவலகத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை.

உள்ளே வந்த மொட்டைத்தலை ஆள் கதவைச் சாத்தினான்.

"யாரு பேக்கு?" என்று, யார் வேண்டும் எனக் கன்னடத்தில் கேட்டாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

"தமிழ்லயே பேசுங்க அம்மிணி. கோபிநத்தத்துப் புள்ளதானுங்களே நீங்க? எல்லாம் விசாரிச்சுட்டுத்தானுங்க வந்தேன்."

"என்ன வேணும் உங்களுக்கு?"

"மணல் விசயம் சொன்ன பொம்பள பேரு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும். சொல்லமாட்டேன்."

"காசு குடுத்தா?"

"எவ்வளவு குடுத்தாலும் சொல்லமாட்டேன்."

"மெரட்டுனா?"

மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வெட்டிப் போட்டாலும் எங்கிட்ட இருந்து அந்தப் பேரு வராதுங்க. அது அவங்களுக்கு நான் பண்ணிக்குடுத்த சத்தியம்."

சொல்லி முடித்ததும் பயத்தையும் மீறி அவளுக்குப் பெருமையாக இருந்தது. என்ன வேண்டுமானாலும் செய்யட்டும் என்று நிமிர்ந்து நின்றாள்.

அவன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"அப்ப நீங்க பேர விக்கலைங்க" என்றான். "வித்துட்டீங்கன்னு நெனச்சுத்தான், உங்களப் பாக்க யாராரு வராங்கன்னு எதுத்தாப்புல நின்னு பாத்துட்டிருந்தேன். போன வாரம் அவள மணல் அள்ளுன பள்ளத்துல தள்ளிக் கொன்னுட்டானுங்க. கால் வழுக்கி விழுந்துட்டாளாமா! எங்கக்கா பாப்பாத்திக்குக் கொள்ளி வெச்சது நாந்தானுங்க."

பாப்பாத்தி. தாரணி இன்றுவரை வாய்விட்டுச் சொல்லாத பெயர்.

"நான் யாருகிட்டயும் சொல்லலைங்க. எங்க டைரக்டர்கிட்டகூடச் சொல்லல. அப்புறம் எப்படிங்க அவனுங்களுக்குப் பேரு தெரிஞ்சுது?"

அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னான்:

"பேரு எதுக்குங்க அம்மிணி? எங்க பக்கத்துல டிராக்டர் ஓட்டுற பொம்பள அவ ஒருத்திதானுங்களே!"