முத்திரையில் வெள்ளிக்கிழமை

அலபாமா சிறையின் அஞ்சல் சன்னலில் டுவைட் நிற்கிறான். கையில், மத்திய நீதிமன்றத்துக்கு அவனே எழுதிய ஆட்கொணர்வு மனு. மனுவைச் சிறை அதிகாரியிடம் கொடுக்கும் தேதிதான் நீதிமன்றத்துக்குக் கணக்கு. இன்று புதன், கெடு நேற்றே முடிந்தது. வெள்ளிக்கிழமை மாலை கைதிகளை உள்ளே வைத்துப் பூட்டிய அறைகளை இப்போதுதான் திறந்தார்கள். “நான் நேத்தே குடுத்திருக்கணும், மிஸ் பெக்கம்.” “எல்லாரும் இதையேதான் சொல்றீங்க.” சன்னலுக்கு உள்ளே இருக்கும் அதிகாரி பெக்கம் கொட்டாவியோடு மனுவில் தேதி முத்திரையைக் குத்துகிறாள். குழல்விளக்கின் வெளிச்சத்தில் ஈர மை மின்னுகிறது. வெள்ளிக்கிழமைத் தேதி. அன்றைக்குப் பிறகு முத்திரையின் தேதியை யாரும் மாற்றவில்லை. போலீஸ் தப்பாக எழுதிய ஒரு தேதிதான் பத்தொன்பது வருஷமாக அவனை உள்ளே வைத்திருக்கிறது. மனு முழுக்க அதைத்தான் எழுதியிருக்கிறான். மை மெல்லக் காய்கிறது. “என்ன அப்படிப் பாக்குற? தப்பா ஏதாவது இருக்கா?” “இல்ல, மிஸ் பெக்கம். சரியாத்தான் இருக்கு.”